மிளகு வணிகர் கூண்டில் வைத்த காகம்

மிளகை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, பதிலுக்குக் குதிரைகளை இறக்கிக்கொண்ட காலம் அது. எந்த ராஜா ஆண்டார் என்று கேட்காதீர்கள். யாரோ ஒருவர் ஆண்டார், மழையும் பெய்தது, நம் கதைக்கு அது போதும்.

ஆற்றங்கரையில் பூந்துறை என்று ஓர் ஊர். அங்கே வைரவநாதர் என்று ஒரு மிளகு வணிகர். மிளகு விஷயத்தில் அவரை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வர வேண்டும். ஒரே ஒரு மணியை நசுக்கி முகர்ந்து பார்த்து, இது இன்ன மலையில் விளைந்தது, இன்ன மழைக்குப் பிறகு பறித்தது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு காகத்திடம் ஏமாந்தார். காகத்தின்மேல் பழி போடக் கூடாது. அது பாட்டுக்கு அது இருந்தது, இவராகத்தான் ஏமாந்தார்.

அவருடைய மனைவி பெயர் உலகம்மை. குள்ளமான உருவம், பெரிய குரல். அவள் கொல்லையில் நின்று பேசினால் ஆற்றில் குளிக்கிறவர்கள் பதில் சொல்வார்கள். ஆனால் கோபம் வந்தால் கத்த மாட்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணால் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு வைரவநாதர் என்ன, துறைமுகத்துச் சுங்க அதிகாரியே நடுங்குவார் என்று ஊரில் சொல்வார்கள்.

சாப்பிட உட்கார்ந்தால் குழம்பில் கிடக்கும் மொச்சையை எல்லாம் முதலில் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள். "சின்னப் பிள்ளை மாதிரி என்ன பழக்கம் இது?" என்று அவர் கேலி செய்வார். "என் இலை, என் மொச்சை. உங்களுக்கு என்ன வந்தது?" என்பாள் அவள். மகள் ஆவுடை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை. சண்டை இல்லாத நாளில் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

ஐப்பசி அடைமழையில் உலகம்மைக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் வந்தார், கஷாயம் கொடுத்தார், நெற்றியில் பற்றுப் போட்டார். மழை விடுவதற்குள் அவள் போய்விட்டாள்.

வைரவநாதர் அழவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அழுகிறவரைத் தேற்றலாம், அழாதவரை என்ன செய்வது? யார் பேசினாலும் காதில் விழாதவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கருமாதி நாள் வந்தது. போனவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, இலையில் படைத்து, காகத்துக்கு வைப்பது அந்த ஊர் வழக்கம். காகம் வந்து எடுத்தால் போனவரின் மனம் குளிர்ந்தது என்று அர்த்தம். எடுக்காவிட்டால் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று வீடே கலங்கிப்போகும்.

உலகம்மைக்காகச் சோறும் மொச்சைக் குழம்பும் வடையும் கொல்லைச் சுவரில் வைத்தார்கள். மகள் ஆவுடை கூப்பிட்டாள், காகம் வரவில்லை. உலகம்மையின் தங்கை வடிவு கூப்பிட்டாள், வரவில்லை. பக்கத்து வீட்டுப் பூரணம் கூப்பிட்டாள். காகங்கள் கூரைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தனவே தவிர ஒன்றும் இறங்கவில்லை. கடைசியில் வைரவநாதர் எழுந்து வந்தார். "உலகம்மை, வா" என்றார்.

ஒரு காகம் இறங்கி வந்தது. இலை ஓரமாக நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. பிறகு "கா, கா" என்று கூட்டத்தையும் கூப்பிட்டுக்கொண்டு, சோற்றை ஒதுக்கிவிட்டு மொச்சையைப் பொறுக்கத் தொடங்கியது.

அவ்வளவுதான். மனிதர் ஆடிப்போய்விட்டார். "வந்துட்டா! உலகம்மை வந்துட்டா!" என்று கூவிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எந்தக் காகம் தலையைச் சாய்க்காமல் பார்க்கும்? கண் இரண்டும் பக்கவாட்டில் இருந்தால் நீங்களும் நானும்கூட அப்படித்தான் பார்ப்போம். மொச்சை என்றால் எந்தக் காகத்துக்கும் ஆசைதான். அது ஆண் காகமா பெண் காகமா என்றுகூட அவர் யோசிக்கவில்லை. இதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் சுலபமாகத் தெரிகிறது. பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவருக்கு எங்கே தெரியும்? சிரிக்காதீர்கள். நம் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நாமும் இப்படி எதையாவதுதான் பிடித்துக்கொண்டு நிற்போம்.

மறுநாள் அதே இடத்தில் மொச்சையைத் தூவி, மேலே ஒரு மூங்கில் கூடையைக் குச்சியில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறைந்திருந்தார். காகம் வந்தது, கூடை விழுந்தது. பித்தளைக் கூண்டு ஒன்று வாங்கி அதில் விட்டார். கூண்டைக் கொண்டுபோய் உலகம்மையின் அறையில் வைத்தார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினார். "யார் செத்தா? எதுக்குத் துக்கம் கேட்கிறீங்க? அவ உள்ளேதான் இருக்கா. போங்க, போங்க" என்றார்.

அதோடு விட்டாரா? இல்லை. அவளுடைய பொருள் ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது என்று கிளம்பினார். ஆவுடை தன் தாயின் பழைய சேலை ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அதை வாங்கி வந்துவிட்டார். வடிவிடம் இருந்த பல்லாங்குழிப் பலகையை வாங்கி வந்துவிட்டார். பூரணத்தின் வீட்டுக்கு இரவல் போயிருந்த சல்லடையையும் விடவில்லை. "அவ பொருள் அவகிட்டதான் இருக்கணும்" என்பதுதான் எல்லோருக்கும் அவர் சொன்ன பதில்.

பிறகு நாள் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்து காகத்தோடு பேசினார். இந்த வருஷம் மலையில் கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். கடைக் கணக்கன் மறுபடியும் மீசை வைத்திருக்கிறான் என்றார். காகம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது. மறைக்காமல் சொல்கிறேன், அவர் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தார்.

ஆனால் காகம் சாப்பிடவில்லை.

முதலில் மொச்சைக் குழம்பும் சோறும் வைத்தார். காகம் கிட்டே வந்து பார்த்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் "கா, கா, கா" என்று கூப்பிட்டது. வெளியே கூரையிலிருந்து மற்றக் காகங்கள் பதில் குரல் கொடுத்தன. அவற்றால் உள்ளே வர முடியவில்லை. இதுவும் சோற்றைத் தொடவில்லை.

அடுத்து, சுடச்சுட நெய்யில் பொரித்த வடை வைத்தார். காகம் பார்த்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டது, தொடவில்லை.

அடுத்து, வெல்லம் கரைத்த பால்சோறு வைத்தார். அதற்கும் அதே கதைதான்.

"என்னையா கூப்பிடுறே? இதோ பக்கத்திலேயேதானே இருக்கேன்" என்றார். காகம் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. "கோபமா?" என்று கேட்டார். ஆவுடை பிறந்த சமயத்தில் கப்பலில் போய்விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். பட்டுச்சேலை வாங்கித் தருவதாகச் சொல்லி மறந்துபோனதற்கு மன்னிப்புக் கேட்டார். அவளுடைய தம்பியைக் கல்யாணப் பந்தியில் வைத்துத் திட்டியதற்குக்கூட மன்னிப்புக் கேட்டார். அவள் உயிரோடு இருந்தபோது இதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவே மாட்டேன் என்று வீம்பாக இருந்த ஆள்.

காகம் நாளுக்கு நாள் மெலிந்தது. சிறகு தொங்கிப்போனது. கூப்பிடும் குரலும் குறைந்து, கண்ணை மூடிக்கொண்டு கூண்டின் மூலையில் ஒடுங்கியது. வைரவநாதரும் சாப்பாட்டை விட்டுவிட்டார். 'ஒரு தடவை போனதையே என்னால் தாங்க முடியவில்லை. இன்னொரு தடவை என் கண் முன்னாலேயே போகப் போகிறாளா?' என்று நினைத்து நினைத்து அவருக்குக் கை கால் ஓடவில்லை. கூண்டைக் கட்டிக்கொண்டு, "போயிடாதே, உலகம்மை, போயிடாதே" என்று கெஞ்சினார்.

அந்தக் கெஞ்சல் வெளியே கேட்டது. வெளியே நின்றவள் ஆவுடை. தினமும் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவள், அன்றைக்குத் திரும்பவில்லை. இரண்டு கையாலும் கதவை இடித்தாள். "இப்போ திறக்கிறீங்களா, கதவை உடைக்கவா?" என்று கத்தினாள். குரல் அப்படியே அம்மா குரல். வைரவநாதர் அலறியடித்துக்கொண்டு திறந்துவிட்டார்.

உள்ளே வந்த ஆவுடை அப்பாவையும் பார்த்தாள், காகத்தையும் பார்த்தாள். இரண்டும் எலும்பும் தோலுமாக இருந்தன.

"சாப்பிட மாட்டேங்கிறாம்மா" என்றார் அவர். "எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன்."

ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, நான் ஒண்ணு கேட்கிறேன், பதில் சொல்லுங்க. இது அம்மாவா, காக்காவா?"

"உங்கம்மாதான். சந்தேகமே இல்லை."

"அப்படியே வச்சுக்குவோம். அம்மா என்னைக்காவது தனியா உட்கார்ந்து சாப்பிட்டிருக்காளா? வாசல்ல போற விறகுக்காரியைக்கூட இழுத்து உட்கார வச்சுட்டுத்தானே இலையில கை வைப்பா? இது அம்மான்னா, தனியாச் சாப்பிட மாட்டா. இல்லே, காக்காதான்னா, காக்காவும் தன் கூட்டம் கூட இல்லாமச் சாப்பிடாது. எதுவா இருந்தாலும் நீங்க இப்படிப் பூட்டி வச்சா, இது பட்டினி கிடந்துதான் சாகும்."

மிளகு பேரத்தில் யாருக்கும் மசியாத மனிதர் கூண்டின் கொக்கியைக் கையால் மூடிக்கொண்டார். "திறந்தா போயிடுவாளே, ஆவுடை" என்றார்.

"அம்மா போயிட்டாப்பா" என்றாள் அவள். "எனக்கும்தான் அம்மா. நான் யார்கிட்டப் போய் அழறது? உங்ககிட்ட வந்தா கதவு பூட்டியிருக்கு. அவ சேலையில முகத்தைப் புதைச்சு அழலாம்னா, அதையும் பிடுங்கிட்டு வந்துட்டீங்க."

வைரவநாதர் தலையைக் குனிந்துகொண்டார். மகளும் தாயை இழந்தவள் என்பது அத்தனை நாளும் அவர் நினைவிலேயே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஆனாலும் வணிகர் அல்லவா? அந்த நிலைமையிலும் பேரம் பேசினார். "சரி, தனியாச் சாப்பிட மாட்டான்னுதானே சொல்றே? எல்லாரையும் கூப்பிடு. அவகூட உட்கார்ந்து சாப்பிடட்டும். கூண்டை மட்டும் திறக்க மாட்டேன்."

ஆவுடை சமைத்தாள். வடிவு வந்தாள், பூரணம் வந்தாள், தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். எல்லோருக்கும் மனத்தாங்கல் இருந்தது. ஆனாலும் உலகம்மை வீட்டுச் சாப்பாட்டுக்கு வர மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. கூண்டைச் சுற்றி வட்டமாக இலை போட்டார்கள். கூண்டுக்குள்ளும் ஒரு சின்ன இலை வைத்தார்கள். முதலில் சோறு பிசையும் சத்தம்தான் கேட்டது.

வடிவுதான் பேச்சை ஆரம்பித்தாள். "அத்தான், அக்கா பல்லாங்குழியில கள்ளாட்டம் ஆடுவா, தெரியுமா? புளியங்கொட்டையை வாயில ஒளிச்சு வச்சுக்குவா. ஒருநாள் நான் சிரிக்க வச்சுட்டேன். ஒண்ணு உள்ளே போயிருச்சு. வயித்துல புளியமரம் முளைச்சுரும்னு நான் சொன்னதை நம்பி ராத்திரி முழுக்க அழுதா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று பயந்து வாயைப் பொத்தினார்கள். ஆனால் வைரவநாதர் முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தது.

கொல்லைக்குப் பின்னால் குடியிருந்த விறகுக்காரி சொன்னாள், தன் மகளுக்குத் தலைப்பிரசவம் ஆனபோது, தன்னோடு சண்டை போட்டு மூன்று நாளாக முறைத்துக்கொண்டிருந்த உலகம்மை சுவர் ஏறிக் குதித்து வந்து பிள்ளையைக் கையில் ஏந்தியதை. "ஏந்திக் குளிப்பாட்டிக் கொடுத்துட்டு, மறுநாளே விட்ட இடத்துல இருந்து சண்டையை ஆரம்பிச்சுட்டா மகராசி!" என்றாள். இப்போது எல்லோருமே சிரித்தார்கள்.

பூரணம் மோர் ஊற்றிக்கொண்டே பேசினாள். "அண்ணாச்சி, நீங்க கப்பல்ல போயிருக்கிற நாள்ல இவ என்ன செய்வா தெரியுமா? வீட்டுல நிறைகுடம் இருக்கும். அதைத் தூக்கிட்டு ஆத்துக்குப் போவா. இருக்கிற தண்ணியை ஆத்துல கொட்டிட்டு, படித்துறையில நின்னு படகு வருதான்னு பார்ப்பா. வரலைன்னா, திரும்ப நிரப்பிட்டு வருவா. தினமும் இதே வேலைதான்."

வைரவநாதர் கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது. "எங்கிட்ட சொன்னதே இல்லையே! நான் வந்து வாசல்ல நின்னா, 'அதுக்குள்ளயா வந்துட்டீங்க?'ன்னுதானே கேட்பா?"

"சொன்னா உங்களுக்குத் தலைக்கனம் ஏறிடுமாம். அதான் சொல்லலை."

அப்போதுதான் அவர் அழுதார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அழுகைக்கு நடுவே, "கள்ளி! கள்ளி!" என்று சிரிப்பும் வந்தது. ஆவுடை எழுந்து வந்து அப்பாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை, அவர்களும்தான் அழுதார்கள்.

அழுது முடித்ததும் அவர் மனத்தில் ஒன்று உறைத்தது. உலகம்மையை முழுதாக அந்த அறைக்குள் வைத்திருக்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தார்? படித்துறையில் குடத்தோடு நின்ற உலகம்மை பூரணத்திடம் இருந்திருக்கிறாள். புளியங்கொட்டையை விழுங்கிய சின்னப்பெண் வடிவிடம் இருந்திருக்கிறாள். இவர் வாசலோடு விரட்டிவிட்ட ஒவ்வொருவரிடமும் அவள் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கிறாள். இவருடைய பூட்டு அவளை உள்ளே வைக்கவில்லை, வெளியேதான் நிறுத்தியிருந்தது.

கூண்டைப் பார்த்தார். எல்லோர் இலையும் காலியாகிவிட்டது. காகத்தின் இலை மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. அதன் கூட்டம் வெளியே கூரையில் கத்திக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரே எழுந்தார். கூண்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். சுவர்மேல் வைத்துக் கொக்கியை எடுக்கப் போனார். ஒரு தரம் கையை எடுத்துவிட்டார். மறுபடியும் போனார். இந்தத் தடவை திறந்துவிட்டார்.

காகம் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. அது போவதைப் பார்க்க முடியாமல் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "கா, கா, கா" என்று சத்தம் கேட்டது. சிறகடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு காகத்தின் சத்தம் இல்லை, பல காகங்களின் சத்தம்.

கண்ணைத் திறந்தார். சுவர் முழுக்கக் காகங்கள். ஆவுடை கொண்டுவந்து வைத்த சோற்றைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. அந்தக் காகமும் அந்தக் கூட்டத்துக்குள்தான் எங்கேயோ நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஆவுடை, இதுல எதும்மா அது?"

"தெரியலையேப்பா" என்றாள் அவள்.

வைரவநாதர் அடுப்பங்கரைக்குப் போய்ச் சோற்றுப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தார். "எதுவா இருந்தா என்னம்மா? எல்லாத்துக்கும் போடு" என்றார்.

அத்தோடு அவருடைய துக்கம் தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். எங்கே தீரும்? அவ்வளவு ஆசையாக இருந்த மனிதர். மொச்சைக் குழம்பைக் கண்டால் இலையை விட்டு எழுந்துவிடத்தான் செய்தார். ஆனால் சேலை ஆவுடையிடமும், பலகை வடிவிடமும், சல்லடை பூரணத்திடமும் திரும்பிப் போயின. யாராவது அவர் வீட்டுப் பக்கம் வந்தால், "உலகம்மையைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லேன்" என்று பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டார். வந்தவர்கள் சொன்னார்கள், இவரும் சொன்னார். அதன் பிறகு பிறந்த பேரப்பிள்ளைகள், ஒருநாளும் பார்க்காத பாட்டியோடு சண்டை போடும் அளவுக்கு அவளைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஆகவே பெரியவர்களே, பிள்ளைகளே: போனவர்களின் நினைவை ஒருவரே பூட்டி வைத்துக்கொண்டால் அது பட்டினி கிடந்து வாடிப்போகும், கூடி உட்கார்ந்து, அழுது, சிரித்து, ஆளுக்கு ஆள் பங்கு போட்டுக்கொண்டால்தான் அது நம் நடுவில் உயிரோடு இருக்கும்.